விலங்கியல் மாணவிக்குச் சமன்பாடு, கணித மாணவருக்குக் குட்டை

கேள்வி: ஐயா, நான் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் மாணவிகள் பலர் கணக்குக்குப் பயந்தே விலங்கியலுக்கு வந்தவர்கள். சூழலியல் தாளில் சமன்பாடு வந்தால் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். இந்த ஆண்டு முதுகலை மாணவி ஒருத்தி, "எண்ணுவதோடு நிற்காமல் ஏதாவது கணித மாதிரி செய்ய வேண்டும்" என்று கேட்கிறாள். அதே வாரம் கணிதத் துறையிலிருந்து ஒரு மாணவர் வந்தார். மூன்று உயிரினங்களுக்கான இரை–இரைகொல்லி மாதிரி ஒன்றின் நிலைத்தன்மையை நிறுவி வைத்திருக்கிறார். அதில் ஒரு மாறிலிக்கு 0.5 என்று போட்டிருந்தார். "இந்த 0.5 எந்த விலங்கின் எண்?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. இருவரையும் சேர்த்து வழிநடத்தலாமா? எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ளச் சொல்வது? நானே பிளஸ் டூவோடு கணிதத்தை விட்டவள். எனக்கு இதற்குத் தகுதி உண்டா?

பதில்:

அன்புள்ள உதவிப் பேராசிரியர் அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்தின் நடுவிலேயே இருக்கிறது. "இந்த 0.5 எந்த விலங்கின் எண்?" என்று கேட்டீர்கள் அல்லவா? கணித மாதிரியை வைத்துக்கொண்டு சூழலியல் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பெரிய ஆய்வு நிறுவனங்களின் கருத்தரங்குகளில்கூட இதைக் கேட்கத் தயங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் தயங்கவில்லை. எனவே இருவரையும் தாராளமாகச் சேர்த்து வழிநடத்துங்கள். எப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் கணித மாணவரின் தாளில் எங்காவது இரையின் எண்ணிக்கையையும் இரைகொல்லியின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதன் முன்னால் ஒரு மாறிலி போட்டிருப்பார். அமெரிக்காவின் லோட்கா 1925-லும் இத்தாலியின் வோல்டெரா 1926-லும் தனித்தனியாக எழுதிய சமன்பாடுகளிலிருந்து வழிவழியாக வரும் உறுப்பு அது. அந்த உறுப்பை மட்டும் கரும்பலகையில் எழுதி, அது என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். தட்டுத் தடுமாறிக் கடைசியில் இப்படி வந்து நிற்பார்: "இரை இரண்டு மடங்கானால் ஒவ்வொரு இரைகொல்லியும் இரண்டு மடங்கு தின்னும். பத்து மடங்கானால் பத்து மடங்கு தின்னும்." உடனே உங்கள் விலங்கியல் மாணவியைப் பார்த்து, "இது நடக்குமா?" என்று கேளுங்கள். நடக்காது என்று அவளுக்குத் தெரியும். பல்லிக்கும் வயிறு நிரம்பும், தவளைக்கும் வயிறு நிரம்பும். பிடித்ததை விழுங்கி முடிக்க நேரமும் வேண்டும். சமன்பாட்டுக்குப் பயந்தவள் சமன்பாட்டில் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டாள். பயம் அங்கே பாதி போய்விடும்.

சமன்பாட்டில் உள்ள ஒவ்வொரு உறுப்பும் ஓர் உயிரினத்தைப் பற்றி யாரோ சொல்லும் கூற்று. அந்தக் கூற்றை ஏற்கவோ மறுக்கவோ விலங்கியல் தெரிந்தவருக்கு முழு உரிமை உண்டு. இந்த எண்ணத்தை மாணவர் மனத்தில் பதிய வைத்துவிட்டால் மற்றதெல்லாம் பயிற்சியால் வரும். மனப்பாடம் செய்து எழுதும் பழக்கம் எங்கிருந்து வருகிறது? சமன்பாடு எங்கோ மேலிருந்து இறங்கி வந்தது, அதோடு வாதாடக்கூடாது என்ற நினைப்பிலிருந்துதான். நம் பாடநூல்களும் அந்த நினைப்பை வளர்த்தே வருகின்றன.

அடுத்த வகுப்பில் ஒரு மேசையும் உப்புத்தாளும் போதும். கனடாவின் சூழலியலாளர் ஹோலிங் 1959-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தார். ஊசியிலை மரங்களைத் தின்னும் ஒரு பூச்சியின் கூடுகளை மூஞ்சுறுகளும் எலிகளும் எப்படி வேட்டையாடுகின்றன என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். அந்த வேட்டையின் அடிப்படையைப் புரிந்துகொள்ள, ஒரு மேசை மீது வட்டமாக வெட்டிய உப்புத்தாள் வில்லைகளைப் பரப்பி, உதவியாளர் ஒருவரின் கண்ணைக் கட்டி, விரலால் தட்டித் தட்டி வில்லைகளைத் தேடி எடுக்கச் செய்தார். ஒவ்வொரு முறையும் வில்லைகளின் எண்ணிக்கையை மாற்றினார்.

உங்கள் வகுப்பிலும் ஒரு மாணவியின் கண்ணைக் கட்டுங்கள். மேசையில் முதலில் 5 வில்லைகள், பிறகு 10, 20, 40, 80, 160 என்று பரப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் கொடுங்கள். எடுத்ததைப் பக்கத்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டு அடுத்ததைத் தேட வேண்டும். எடுத்த இடத்தில் இன்னொருத்தி புது வில்லையை வைத்துக்கொண்டே இருக்கட்டும், அடர்த்தி குறையக்கூடாது. கிடைத்த எண்களை வரைபடத்தாளில் குறிக்கச் சொல்லுங்கள். முதலில் கோடு விறுவிறுவென்று ஏறும். பிறகு வளைந்து, மேலே போகாமல் படுத்துவிடும். ஏன் படுக்கிறது என்று நீங்கள் சொல்லாதீர்கள். "ஒரு வில்லையை எடுத்துப் பாத்திரத்தில் போட எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று மட்டும் கேளுங்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு விநாடி என்பார்கள். அப்படியானால் மேசையே நிரம்பி வழிந்தாலும் 60 விநாடியில் 30-க்கு மேல் எடுக்க முடியாது. வரைபடத்தின் உச்சவரம்பு எங்கிருந்து வருகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இனிச் சமன்பாட்டை எழுதலாம். கிடைத்தவற்றின் எண்ணிக்கை என்பது தேடும் திறன், அடர்த்தி, தேடுவதற்குக் கிடைத்த நேரம் ஆகிய மூன்றின் பெருக்கல். தேடுவதற்குக் கிடைத்த நேரம் என்பது மொத்த நேரத்திலிருந்து எடுத்து வைப்பதில் செலவான நேரத்தைக் கழித்தால் வருவது. அந்தச் செலவு, ஒன்றுக்கு ஆகும் நேரத்தைக் கிடைத்தவற்றின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் பக்கம் மாற்றினால் ஹோலிங்கின் வில்லைச் சமன்பாடு வந்து நிற்கும். பத்தாம் வகுப்பு இயற்கணிதத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். நீங்கள் பிளஸ் டூவில் விட்ட கணிதம் இதற்குத் தாராளமாகப் போதும்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் அது ஒரு நல்ல வகுப்பு, அவ்வளவுதான். முதுகலை ஆய்வாக வளர வேண்டுமென்றால் வில்லைக்குப் பதில் உயிர் வேண்டும். தட்டானின் நீர்வாழ் இளம்பூச்சியும் கொசுப்புழுவும் எந்தக் கல்லூரிக்கும் எட்டக்கூடியவை. வைக்கோல் ஊறிய நீரைத் திறந்து வைத்தால் கொசு தானாக வந்து முட்டையிடும். தட்டான் இளம்பூச்சிகளைப் பக்கத்துக் குட்டையில் வலைக்கரண்டியால் எடுக்கலாம். ஒன்றையொன்று தின்னும் என்பதால் தனித்தனிக் குவளையில் வைக்க வேண்டும். ஒரே அளவுள்ள பேசின்களில் ஒரே அளவு நீர் எடுத்து, ஒரே வளர்பருவத்துக் கொசுப்புழுக்களை 5, 10, 20, 40, 80 என்று விடுங்கள். ஒரு நாள் பட்டினி போட்ட இளம்பூச்சி ஒன்றை ஒவ்வொரு பேசினிலும் விட்டு, குறித்த நேரம் கழித்து மிச்சத்தை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடர்த்தியிலும் நான்கைந்து பேசின்களாவது இருக்கட்டும். இளம்பூச்சி இல்லாத பேசின்களும் சில வேண்டும். புழுக்கள் தாமாகவே சாகலாம், கூட்டுப்புழுவாக மாறலாம். அதைக் கழிக்காமல் தின்ற கணக்கு வராது. பேசின்களைக் கொசுவலையால் மூடுவதும், வேலை முடிந்ததும் மிஞ்சிய புழுக்களை வெந்நீர் ஊற்றி அழிப்பதும் கட்டாயம். டெங்கு உள்ள ஊர்களில் இதில் அலட்சியம் கூடவே கூடாது.

உங்கள் மாணவி இதைச் செய்யும்போது ஓர் இடத்தில் இடறுவாள். அந்த இடறலுக்காகவே இந்த ஆய்வைப் பரிந்துரைக்கிறேன். மேசையில் எடுத்த வில்லைக்குப் பதில் புது வில்லையை வைத்தோம். பேசினில் தின்ற புழுவுக்குப் பதில் புதுப்புழு வருவதில்லை. ஐந்து புழு விட்ட பேசினில் மூன்றைத் தின்றபின் மிச்சம் இரண்டுதான். தேடுவது கடினமாகிவிடுகிறது. எந்த அடர்த்தியைச் சமன்பாட்டில் போடுவது? தொடக்கத்தில் இருந்ததா, முடிவில் இருந்ததா? இந்தக் கேள்வியோடு அவள் உங்களிடம் வருவாள். விடையைச் சொல்லாமல் கணித மாணவரிடம் அனுப்புங்கள்.

அவருக்கு அது நல்ல வேலை. நொடிக்கு நொடி அடர்த்தி குறைந்துகொண்டே வரும் என்பதை ஒரு வகைக்கெழு சமன்பாடாக எழுதி, அதைத் தொகையிட வேண்டும். தின்ற எண்ணிக்கை சமன்பாட்டின் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்துகொள்ளும், எளிதில் பிரித்தெடுக்க முடியாது. திரும்பத் திரும்ப எண்ணைப் போட்டு நெருங்கித்தான் விடை காண வேண்டும். ரோஜர்ஸ் 1972-ல் இதைச் செய்திருக்கிறார். ஆனால் அந்தக் கட்டுரையை முதலில் கையில் கொடுக்காதீர்கள். இருவரும் ஒரு வாரம் முட்டி மோதட்டும், பிறகு கொடுங்கள். தாங்கள் வந்து சேர்ந்த இடத்தில் முன்பே ஒருவர் நின்றிருக்கிறார் என்று பார்க்கும் மகிழ்ச்சியை மாணவரிடமிருந்து பறித்துவிடக்கூடாது.

அந்த மாணவரின் மூன்று உயிரின மாதிரியையும் தூக்கிப் போட வேண்டாம். பெருக்கல் உறுப்புக்குப் பதிலாக வளைந்து படுக்கும் வடிவத்தைப் போட்டு, முதலில் இரண்டு உயிரினங்களுக்கு மட்டும் நிலைத்தன்மையைப் பார்க்கச் சொல்லுங்கள். ரோசன்ஸ்வைக், மக்ஆர்தர் இருவரும் 1963-ல் திறந்த வழி இது. இரைக்கு உணவு வளம் கூடக் கூட அமைப்பு அமைதியாக இருப்பதை விட்டு ஊசலாடத் தொடங்கும் என்பதை ரோசன்ஸ்வைக் 1971-ல் காட்டினார். வயிறு நிரம்பும் என்ற ஒரே ஓர் உயிரியல் செய்தி முடிவையே மாற்றிவிடுகிறது. தேற்றம் நிறுவுவதில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது பெரிய திறப்பாக இருக்கும்.

அவரைக் குட்டைக்கும் அனுப்புங்கள். கால்சட்டையை மடித்துவிட்டு நீரில் இறங்கி, வலைக்கரண்டியில் வந்த இருபது உயிரிகளில் எது தட்டான், எது நீர்வண்டு, எது தலைப்பிரட்டை என்று தன் கையால் பிரிக்கட்டும். இதைச் சுற்றுலாவாக நினைத்துவிடக்கூடாது. தரவு எங்கெல்லாம் பிழையாகலாம் என்பது அங்கேதான் தெரியும். அதேபோல, விலங்கியல் மாணவி ஒரு முறையாவது கால்குலேட்டரில் அந்தத் தொடர் கணக்கைத் தானே போட்டு விடைக்கு வர வேண்டும். இப்படிப்பட்ட கூட்டு ஆய்வுகளில் நான் அடிக்கடி காணும் கேடு ஒன்று உண்டு. ஒருத்தி வெயிலில் நின்று எண்ணுகிறாள், ஒருவர் கணினி முன்னால் உட்கார்ந்து கணக்கிடுகிறார், கட்டுரையில் கணக்கிட்டவர் பெயர் முதலில் வருகிறது. யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதைத் தொடக்கத்திலேயே இருவரையும் உட்கார வைத்துப் பேசி எழுதி வைத்துவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் இருவரிடமும் எல்லாக் கேள்வியும் கேட்கப்படும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கணித மாணவர் ஒருவேளை, "பழைய மாதிரி தவறு என்றால் ஏன் இன்னும் பாடத்தில் இருக்கிறது?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஏட்ரியாட்டிக் கடற்கரை மீன்சந்தைகளின் கதையைச் சொல்லுங்கள். பியூமே துறைமுகத்துக்கு வந்த மீன்களில் சுறா, திருக்கை போன்றவற்றின் பங்கு 1914-ல் 11.9 சதவீதம். முதல் உலகப் போரில் மீன்பிடிப்பு குறைந்திருந்தது. 1918-ல் அந்தப் பங்கு 36.4 சதவீதமாக ஏறியிருந்தது. போர் முடிந்து படகுகள் திரும்பக் கடலுக்குப் போனபின் 1923-ல் 10.7-க்கு இறங்கிவிட்டது. மீன்பிடிப்பு குறைந்தால் எல்லா மீனும் சமமாகப் பெருகாமல் வேட்டை மீன் மட்டும் ஏன் அதிகம் பெருக வேண்டும்? உயிரியலாளர் டன்கோனா கொண்டுவந்த இந்தக் கேள்விதான் கணிதமேதை வோல்டெராவை இந்தத் துறைக்குள் இழுத்தது. இரையையும் இரைகொல்லியையும் ஒரே விகிதத்தில் பிடித்தால் சராசரியில் இரை கூடும், இரைகொல்லி குறையும் என்பது அவருக்குக் கிடைத்த விடை. பிடிப்பதை நிறுத்தினால் இது தலைகீழாகும். வயலில் கண்டபடி அடித்த பூச்சிமருந்து தீமை செய்யும் பூச்சியோடு அதைத் தின்னும் பூச்சியையும் கொன்றபின், தீமை செய்யும் பூச்சி முன்பைவிடப் பெருகுவதற்கும் இதே தர்க்கம் ஒரு விளக்கம் தருகிறது. எந்தக் கேள்விக்காக அந்தப் பெருக்கல் உறுப்பு எழுதப்பட்டதோ அதற்கு அது பயன்பட்டது. உங்கள் மாணவரின் தாளில் குறையென்றால் அது சமன்பாட்டின் எளிமையில் இல்லை. அதற்குப் பின்னால் மீன்சந்தை எதுவும் இல்லாததுதான் குறை.

மற்ற மாணவிகளைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். முழு வகுப்புக்கும் ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடியது ஒன்று. இந்த ஆண்டு எண்ணிக்கையை 0-வுக்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். அதை 1-லிருந்து கழித்து, கழித்தபின் வரும் விடையையும் அந்த எண்ணையும் பெருக்கி, வளர்ச்சி எண்ணாலும் பெருக்கினால் அடுத்த ஆண்டு எண்ணிக்கை. வளர்ச்சி எண் 2.5 என்றால் எங்கே தொடங்கினாலும் 0.6-ல் வந்து நிற்கும். 3.2 என்றால் 0.51, 0.80 என்று மாறி மாறித் தாவும். 3.9 என்று கொடுத்து, பாதி வகுப்பை 0.200-லிருந்தும் மீதியை 0.201-லிருந்தும் தொடங்கச் சொல்லுங்கள். எட்டாவது சுற்றில் ஒரு பக்கம் 0.51 என்பார்கள், மறுபக்கம் 0.40 என்பார்கள். "யாரோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள்" என்று வகுப்பில் சண்டை வரும். யாரும் தப்பாகப் போடவில்லை. தொடக்கத்தில் இருந்த சிறு வேறுபாடுதான் இப்படிப் பெருகிவிட்டது. ராபர்ட் மே 1976-ல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதியபோது, இந்தச் சமன்பாட்டை மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே அறிமுகப்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். ஐம்பது ஆண்டுகளாகியும் நம் பாடத்திட்டங்களில் அதற்குச் சரியான இடம் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

மென்பொருள் கேள்விக்கு விரைவாகவே பதில் சொல்லிவிடலாம். 'ஆர்' அல்லது 'பைத்தான்', எது பக்கத்தில் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறதோ அது. இரண்டும் இலவசம். ஆனால் வரைபடத்தாளில் கையால் ஒரு வரைபடம் வரைந்து, கோடு எப்படிப் போகும் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதிக் கையெழுத்துப் போட்டபின்தான் கணினியைத் தொடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊகம் இல்லாமல் கணினியைத் தொட்ட மாணவர், அது தரும் எதையும் நம்பிவிடுவார்.

தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளை வாரந்தோறும் ஒரு முறை தமிழிலேயே விளக்கச் சொல்லுங்கள். ஆங்கிலக் கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழி இருக்காது, புரியாத இடம் பளிச்சென்று வெளியே தெரியும். அப்படித் தெரியும் இடத்தில் அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். "இன்னும் ஒரு முறை சொல்" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். வழிகாட்டியின் வேலையில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான். மாணவர் திணறுவதில் இரண்டு வகை உண்டு. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து திணறினால் விட்டுவிடுங்கள், அது வளர்ச்சி. எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் திணறினால் அன்றே உட்கார்ந்து பேசுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் ஆள் வருவதையே நிறுத்திவிடுவார்.

இந்த மாணவி மேலே படிக்க நினைத்தால், மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் துறைகள் நெடுநாளாக இயங்குகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம் களப்பணியையும் கணிதத்தையும் ஒருசேர மதிக்கும் இடம். கணித மாணவர் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தைப் பார்க்கலாம். இந்திய அறிவியல் அகாதமிகள் தரும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு இருவருமே விண்ணப்பிக்கட்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு வாரத்தில் கட்டுரை வெளியிடும் இதழ்களின் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

உங்கள் தகுதியைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. ஒட்டுண்ணிக் குளவிக்கும் அது தாக்கும் பூச்சிக்கும் உள்ள உறவைப் பற்றி 1935-ல் வெளிவந்த புகழ்பெற்ற மாதிரியை எழுதியவர்கள் இருவர். நிக்கல்சன் பூச்சியியலாளர், பெய்லி இயற்பியலாளர். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. அந்த மாதிரியின்படி அந்த உறவு நிலையாக இருக்காது, ஊசலாட்டம் பெருகி அமைப்பு குலைந்துவிடும். ஆனால் 2008-ல் கோவைப் பகுதியில் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துப் பாருங்கள். 2010-ல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டதும் அது கட்டுக்குள் வந்தது, குளவியும் அழிந்துவிடவில்லை. மாதிரியில் இல்லாத எது வயலில் இருக்கிறது? அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கொடுக்கலாம். கணிதத் துறையில் மனம் ஒத்துப்போகும் ஒரு சகாவை இப்போதே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இணை வழிகாட்டியாக அவர் பெயரையும் துறைத்தலைவர் மூலம் முறைப்படி சேர்த்துவிடுங்கள்.

ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்ய ஜனவரி வரை காத்திருக்கும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. உங்களுக்கு அது ஒத்துவராது. வடகிழக்குப் பருவமழை பெய்து குட்டைகளில் நீர் நிற்கும் நாட்களில்தான் தட்டான் இளம்பூச்சிகள் வேண்டிய அளவு கிடைக்கும். உப்புத்தாள் வகுப்பைச் செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். அக்டோபரில் முன்னோட்டமாக இரண்டு மூன்று பேசின்களை வைத்து, எத்தனை மணி நேரம் விட்டால் எண்ணிக்கை ஒழுங்காகக் கிடைக்கிறது என்று பார்த்துக்கொண்டால், நவம்பரில் முழு ஆய்வையும் தொடங்கிவிடலாம்.